சில்லு மடங்கும் ஒரு விமானத்துக்காகக் காத்திருந்த மாதங்கள்: அமெரிக்காவில் பைலட் படிக்கப் போகிறவர்களுக்கு

திருகோணமலையில் இருந்து பைலட் படிக்கப் போக நினைக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய தாய் தகப்பன்மாரும் இப்போது அடிக்கடி எனக்கு போன் எடுக்கிறார்கள். எந்த ஸ்கூல் நல்லது, மொத்தம் எவ்வளவு காசு முடியும், விசா கிடைக்குமா என்று கேட்கிறார்கள். சம்பளத்துக்குப் பறக்கத் தேவையான கொமர்ஷியல் லைசென்ஸ் கட்டத்துக்கு வரும்போது பறக்க விமானம் இருக்குமா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. என்னுடைய காசையும் காலத்தையும் அதிகம் தின்றது அந்தக் கட்டம்தான். முதல் கட்டமான பிரைவேட் லைசென்ஸ் எடுத்து, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கிற இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் முடித்து, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், சில்லு மடங்குகிற ஒரு விமானம் கிடைக்காமல் மாதக்கணக்கில் நின்றேன். விசா ஓடிக்கொண்டிருந்தது, வாடகை ஓடிக்கொண்டிருந்தது, ஊரில் ரூபாய் விழுந்துகொண்டிருந்தது. இதைப் பற்றித் தமிழில் எழுதி வைத்த ஒருவரும் அன்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். காசு கட்ட முன் ஒருதரம் முழுவதும் வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் விமானத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கிண்ணியாப் பக்கம் போகிற பஸ்ஸில் இருந்து சீனக்குடாவில் விமானப்படையின் பயிற்சி விமானங்கள் கிளம்புவதைப் பார்த்து வந்த ஆசைதான் எனக்கு. பிடி-6 தரையை விட்டதும் சில்லுகள் உள்ளே மடங்கிப் போவதைக் கழுத்து வலிக்கப் பார்த்திருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். உப்புவெளியில் இருந்த காணித்துண்டை விற்றார், அம்மாவின் நகை வங்கிக்குப் போனது, மீதிக்கு டொரொண்டோவில் இருக்கிற மாமா கைகொடுத்தார். 2021 நடுப்பகுதியில் புளோரிடாவில் ஒரு ஸ்கூலுக்கு, தொழிற்பயிற்சி மாணவருக்குக் கொடுக்கிற எம்-1 விசாவில் போனேன். அந்த ஸ்கூலின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதே நிலைமை எத்தனையோ ஸ்கூல்களில் இருக்கிறது, பெயரைச் சொன்னால் அதை மட்டும் தவிர்த்துவிட்டு இன்னொன்றில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அது விளங்காவிட்டால் மிச்சம் விளங்காது. அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிற எஃப்.ஏ.ஏ.யின் விதிகளில் 61.129 என்ற பிரிவுதான் கொமர்ஷியல் லைசென்ஸுக்கு என்னென்ன பறந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. மொத்தம் 250 மணித்தியாலம். 141 என்ற பகுதியின் கீழ் அனுமதி பெற்ற ஸ்கூலில் அவர்களுடைய பாடத்திட்டப்படி படித்தால் 190. இதற்குள் 10 மணித்தியாலம் இன்ஸ்ட்ரக்டரோடு கொம்ப்ளெக்ஸ் விமானத்தில் பறக்க வேண்டும் என்பதுதான் பழைய விதி. கொம்ப்ளெக்ஸ் என்றால் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்: சில்லு மடங்க வேண்டும், ஃப்ளாப் இருக்க வேண்டும், புரொப்பெல்லர் இலையின் கோணத்தைப் பைலட் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஸ்கூல்களில் இதற்கென்று வைத்திருப்பது பெரும்பாலும் பைப்பர் அரோ, சில இடங்களில் செஸ்னா 172 ஆர்.ஜி. இரண்டுமே பெரும்பாலும் பழைய விமானங்கள். 172 ஆர்.ஜி.யைச் செய்வதை 1980களின் நடுப்பகுதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பழைய அரோக்களில் பலவற்றுக்கு என் அப்பாவின் சர்வீஸை விடக் கூடுதலான வயது.

இப்போது கவனியுங்கள். 2018 ஓகஸ்ட் 27 முதல் அந்த விதி மாறிவிட்டது. அந்த 10 மணித்தியாலத்தை கொம்ப்ளெக்ஸ் விமானத்தில் பறக்கலாம், டர்பைன் விமானத்தில் பறக்கலாம், அல்லது டி.ஏ.ஏ. என்று சொல்கிற நவீன கருவிகள் கொண்ட விமானத்தில் பறக்கலாம், மூன்றையும் கலந்தும் பறக்கலாம். டி.ஏ.ஏ. என்றால் பறப்புத் தகவல் காட்டுகிற ஒரு திரை, ஜி.பி.எஸ். வரைபடம் ஓடுகிற இன்னொரு திரை, இரண்டு அச்சில் வேலை செய்கிற ஓட்டோபைலட், இவை இருக்க வேண்டும். ஜி1000 என்ற திரைத் தொகுதியும் ஓட்டோபைலட்டும் பூட்டிய செஸ்னா 172 இதற்குப் போதும், சில்லு மடங்க வேண்டியதில்லை. டெஸ்டுக்குக் கொம்ப்ளெக்ஸ் விமானம் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயத்தையும் அதே 2018 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். இது தெரியாமல் இன்றைக்கும் "அரோ இல்லாமல் கொமர்ஷியல் எடுக்க முடியாது" என்று சொல்கிற ஏஜென்ட்மார் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம். ஸ்கூலோடு கதைக்கும்போது முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: அந்த 10 மணித்தியாலத்தை எந்த விமானத்தில் தருவீர்கள், அது உடைந்தால் எதில் தருவீர்கள்?

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் ஏன் மாட்டினேன் என்று கேட்பீர்கள். எங்கள் ஸ்கூல் 141 வகை. அவர்களுடைய அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தில் கொமர்ஷியலுக்கு அரோ என்றுதான் எழுதியிருந்தது. இருந்த அரோ ஒன்றே ஒன்று. ஜி1000 உள்ள 172 ஒன்றும் இருந்தது, ஆனால் அதன் ஓட்டோபைலட் பழுதாகி, பொத்தான்களுக்கு மேலே இயங்காது என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அதைத் திருத்துகிற செலவுக்கு ஸ்கூல் அவசரப்படவில்லை, ஏனென்றால் பிரைவேட் படிக்கிற பிள்ளைகளுக்கு ஓட்டோபைலட் தேவையில்லை. அந்த விமானத்தில் பறந்த மணித்தியாலத்தை டி.ஏ.ஏ. கணக்கில் ஏற்க மாட்டேன் என்று டெஸ்ட் எடுக்கிற எக்சாமினர் சொல்லிவிட்டார். ஸ்கூலின் விளம்பரத்தில் அந்த இரண்டு திரைகளையும் பெரிதாகப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல் ஓட்டோபைலட் வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள்.

2022 தொடக்கத்தில் அரோவில் என் பெயரைப் போட்டார்கள். இரண்டாவது பறப்பு முடிந்த கையோடு அதை வருடாந்தப் பரிசோதனைக்கு உள்ளே தள்ளினார்கள். வாற கிழமை வந்துவிடும் என்றார்கள். அந்தக் கிழமை போய் அடுத்த கிழமை என்றார்கள். முன்மேசையில் இருந்த பெண் நல்லவர், ஆனால் அவருக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே அவர் சொன்னார். கடைசியில் நானே விமானங்களை நிறுத்தித் திருத்துகிற ஹேங்கருக்குப் போய் மெக்கானிக்கிடம் கேட்டேன். வயதான மனிதர், ஒளிக்காமல் கதைத்தார். இறக்கையின் அடியில் குனியச் சொல்லி, டோர்ச் அடித்து, இறக்கையைத் தாங்குகிற முதன்மை உத்திரத்தின் கீழ்ப்பக்கம் போல்ட் கழற்றிய ஒரு ஓட்டையைக் காட்டினார். என் சுண்டுவிரல் நுழைகிற அளவு. அதற்குள் பென்சில் மாதிரி ஒரு கருவியை விட்டுச் சுற்றிப் பார்ப்பார்களாம், வெடிப்பு இருந்தால் திரையில் கோடு துள்ளும். அந்த ஓட்டையில் துள்ளிவிட்டது. வெறும் கண்ணுக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வழுவழுவென்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் கால் கொஞ்சம் ஆடியது, ஏனென்றால் முந்திய வாரம்தான் அதே இறக்கையை நம்பி நான் மேலே போய் வந்திருந்தேன்.

இந்தப் பரிசோதனை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2018 ஏப்ரல் 4 அன்று டேடோனா பீச்சில் பயிற்சிப் பறப்பில் இருந்த ஓர் அரோவின் இடது இறக்கை வானத்திலேயே பிரிந்து இருவர் இறந்தார்கள். உலோகக் களைப்பால் உத்திரத்தின் போல்ட் ஓட்டையில் தொடங்கிய வெடிப்புதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அதன் பிறகு எஃப்.ஏ.ஏ. 2020-26-16 என்ற கட்டாய உத்தரவைப் போட்டது, 2021 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அரோவும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில பைப்பர் விமானங்களும் குறிப்பிட்ட அளவு உழைத்த பிறகு இந்தப் பரிசோதனையைச் செய்தே ஆக வேண்டும். அந்த அளவைக் கணக்கிடும் முறையில் பயிற்சிக்கும் வாடகைக்கும் ஓடிய மணித்தியாலங்கள் அதிகமாக எடைபோடும். தனி ஆள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிய அரோ தப்பித்துவிடலாம், ஸ்கூலில் அடிவாங்கிய அரோ சீக்கிரம் மாட்டும். உத்தரவு சரியானது, உயிர் விஷயம். ஆனால் பயிற்சி அரோவை மட்டும் நம்பி உங்கள் படிப்பு நின்றால், அது எப்போது உள்ளே போகும் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. இந்த உத்தரவுப்படி பரிசோதனை நடந்துவிட்டதா, விமானத்தின் பதிவுப் புத்தகமான லொக்புக்கில் பதிவு இருக்கிறதா என்று நேரே கேளுங்கள். நடந்துவிட்டது என்றால் காட்டுவார்கள். இழுத்தடித்தால் விளங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் அரோவுக்குப் புது உத்திரம் வேண்டியிருந்தது. பாகம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு விஷயமும் அப்போதுதான் வெளியே வந்தது: அந்த விமானம் ஸ்கூலுடையதே இல்லை. வேறொருவர் வாங்கி ஸ்கூலுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். திருத்துவதா, விற்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். ஸ்கூலுக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கிழமைக்குக் கிழமை என்னைக் காத்திருக்க வைத்தவர்களுக்கு, விமானம் திரும்பி வருமா என்பதே தெரிந்திருக்கவில்லை.

அதே நேரத்தில்தான் ஊரில் எல்லாம் இடிந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360 வரை போனது. வங்கியில் டொலர் மாற்றப் போனால் இல்லை என்றார்கள். அப்பா கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து போனைச் சார்ஜ் போட்டு எனக்கு எடுப்பார். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். "நீ சாப்பிடுறியா பிள்ளை" என்று கேட்பாரே தவிர, காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவர் கேட்காததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. காணி விற்ற காசில் மிச்சம் ரூபாயில் இருந்தது, டொலர் கணக்கில் அது அரைவாசிக்குக் கிட்டக் கரைந்துகொண்டிருந்தது. நான் விமானத்துக்குக் காத்திருந்த ஒவ்வொரு கிழமையும் எங்கள் காணியில் ஒரு பேர்ச் போன மாதிரி.

ஏன் வேறு ஸ்கூலுக்கு மாறவில்லை என்று பலர் கேட்டார்கள். எம்-1 விசாவில் முதல் 6 மாதம் கடந்தால் ஸ்கூல் மாற விட மாட்டார்கள், உங்கள் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் அங்கே தொடர முடியாது என்று காட்டினால் மட்டும் விதிவிலக்கு. எனக்கு அந்த 6 மாதம் எப்போதோ போய்விட்டது. விமானம் பழுது என்பதை அந்த விதிவிலக்காக ஏற்பார்களா என்று கேட்டால், ஸ்கூலில் விசா விஷயம் பார்க்கிறவர் விண்ணப்பிக்கலாம், ஆனால் பதில் வருமட்டும் பறப்பை நிறுத்த வேண்டிவரும் என்றார். அதைவிட முன்பணம். ஸ்கூலில் நான் மொத்தமாகக் கட்டி வைத்த காசில் பெரிய மீதி இருந்தது. விலகினால் திருப்பித் தருவோம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது, எத்தனை நாளில் என்று இல்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் கையைக் கட்டிப் போட்டது. ஆகவே இப்போது சொல்கிறேன்: மொத்தமாகக் கட்டினால் கழிவு தருகிறோம் என்று எந்த ஸ்கூல் சொன்னாலும், சின்னச் சின்னத் தொகையாகக் கட்டுங்கள். ஒரு மாதப் பறப்புக்கு மேல் அவர்கள் கையில் உங்கள் காசு இருக்கக் கூடாது. வந்து 6 மாதம் முடிய முன் ஒரு நாள் உட்கார்ந்து, கொமர்ஷியலுக்கு இந்த ஸ்கூலில் விமானம் இருக்கிறதா என்று நேரே ஹேங்கருக்குப் போய்ப் பாருங்கள். மாறுவதென்றால் அந்தத் தவணைக்குள்தான் மாறலாம்.

இரட்டை எஞ்சின் வழியும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஸ்கூலில் செமினோல் என்ற இரட்டை எஞ்சின் பைப்பர் விமானம் ஒன்று இருந்தது. அதற்கும் சில்லு மடங்கும், அதுவும் கொம்ப்ளெக்ஸ்தான், அதில் இன்ஸ்ட்ரக்டரோடு பறக்கிற மணித்தியாலங்கள் அந்த 10-க்குச் சேரும். எப்படியும் எயார்லைனுக்குப் போகிறவர்களுக்கு மல்டி எஞ்சின் ரேட்டிங் வேண்டும். ஒரே காசில் இரண்டு வேலை. எனக்கு அது சரிவராமல் போனதற்குக் காரணம், வெளிநாட்டு மாணவர் மல்டி எஞ்சின் பயிற்சி தொடங்க முன் டி.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் அனுமதியை அன்று தனியாக எடுக்க வேண்டியிருந்தது, அது கையில் இருக்கவில்லை. அனுமதி வருகிற நேரம் செமினோலுக்கு முன்னால் பெரிய வரிசை. உங்கள் ஸ்கூலில் இரட்டை எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால், இன்ஸ்ட்ருமென்ட் படிக்கிற காலத்திலேயே அந்த அனுமதிக்கு இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு முடித்துவிடுங்கள். சில்லு மடங்கும் ஒற்றை எஞ்சினைத் தேடி அலையவே தேவையில்லை. மணித்தியாலத்துக்குக் காசு கூடத்தான், எங்கள் இடத்தில் அரோவை விட இரண்டு மடங்கு. ஆனால் மாதக்கணக்கில் சும்மா இருந்து வாடகை கட்டுவதோடு ஒப்பிட்டால் மலிவு.

சரி, தேடிய கதைக்கு வருகிறேன். வரைபடத்தை விரித்து, காரில் போகக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒவ்வொரு விமான நிலையத்தின் ஸ்கூலுக்கும் பறப்புக் கிளப்புக்கும் போன் எடுத்தேன். என் ஆங்கிலம் அப்போது போனில் தடுமாறும், அதனால் கேட்க வேண்டியதை ஒரு கொப்பியில் எழுதி வைத்து வாசித்தேன். பெரும்பாலும் ஒரே பதில்: விமானம் இருக்கிறது, இன்சூரன்ஸ் விடாது. சில்லு மடங்கும் விமானத்தை, சில்லை இறக்க மறந்து வயிற்றில் இறக்குகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அப்படி இறங்கினால் புரொப்பெல்லர் போகும், எஞ்சினைக் கழற்றிப் பார்க்க வேண்டும், பழைய விமானத்தில் அதன் பெறுமதியை விடத் திருத்தச் செலவு கூடிவிடும். அதனால் இன்சூரன்ஸ்காரர் ரிட்ராக்ட், அதாவது சில்லு மடங்கும் விமானத்தில் பறந்த அனுபவம் இத்தனை மணித்தியாலம் இருக்க வேண்டும் என்று போடுவார்கள். அனுபவம் எடுக்க விமானம் வேண்டும், விமானம் எடுக்க அனுபவம் வேண்டும்.

இந்தப் பூட்டைத் திறந்தது ஒரு வசனம். ஒரு கிளப்பின் செயலாளரிடம் கதைக்கும்போது, எனக்குத் தனியாகப் பறக்க வேண்டாம், வாடகைக்கு எடுத்துப் போக வேண்டாம், முழு 10 மணித்தியாலமும் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருப்பார் என்றேன். அவருடைய குரல் உடனே மாறியது. அந்த 10 மணித்தியாலம் சட்டப்படியே பயிற்சி, தனிப்பறப்பு இல்லை. விமானத்துக்குப் பொறுப்பாளர் இன்ஸ்ட்ரக்டர், அவருடைய அனுபவத்தைத்தான் இன்சூரன்ஸ் பார்க்கும். அதுவரை போன் எடுத்த இடங்களில் நான் வாடகைக்குக் கேட்கிறேன் என்றே அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நீங்கள் தேடுவதாக இருந்தால் முதல் வசனமாக இதைச் சொல்லுங்கள்.

தனி ஆட்கள் சிலரும் உதவ முன்வந்தார்கள். ஒரு வயோதிபர் சில்லு மடங்கும் தன் மூனி விமானத்தைத் தருகிறேன், பெற்றோலை மட்டும் போடு என்றார். மனம் குளிர்ந்தது, ஆனால் அதில் கை வைக்கவில்லை. தனி ஆளுடைய இன்சூரன்ஸ் பெரும்பாலும் சொந்தப் பாவனைக்கு மட்டும்தான். இன்னொருவருக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஏதும் நடந்தால் காசு தர மாட்டார்கள், அவருடைய விமானமும் போகும், நம்முடைய வாழ்க்கையும் போகும். உரிமையாளர் தன் இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வந்தால் மட்டும் ஏறுங்கள். பாசத்துக்காக ஏற வேண்டாம்.

அந்தக் கிளப்பின் அரோவைப் பார்க்க நானும் எங்கள் தலைமை இன்ஸ்ட்ரக்டரும் போனோம். விசாவும் பாடத்திட்டமும் குழம்பாமல் இருக்க, நான் கிளப்பில் சேராமல், ஸ்கூலே அந்த விமானத்தைத் தற்காலிகமாக எடுத்துத் தன் இன்ஸ்ட்ரக்டரைக் கொண்டு பறக்க வைப்பது என்று ஏற்பாடு. இதை ஸ்கூல் தானாகச் செய்யவில்லை. நான் கேட்டு, கடிதம் எழுதி, கூடுதல் வாடகையையும் விமானத்தைக் கொண்டுவருகிற செலவையும் நானே ஏற்றதால் செய்தார்கள். போக முன் விமானத்தின் வாலில் உள்ள பதிவு எண்ணை வைத்து இணையத்தில் தேடினேன். எஃப்.ஏ.ஏ. பதிவேட்டில் உரிமையாளர் யார் என்று இருக்கும். விபத்து விசாரணைச் சபையின் தரவில் பழைய விபத்து இருந்தால் தெரியும். விமானப் பாதை காட்டுகிற தளங்களில் அது கடந்த மாதங்களில் எத்தனை தரம் பறந்தது என்று தெரியும். இது எல்லாவற்றையும் விட உதவியானது. கிழமைக்கு இரண்டு மூன்று தரம் பறக்கிற விமானம் உயிரோடு இருக்கிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற விமானத்தைப் பற்றி எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் போக வேண்டாம். ஊரில் இருந்தபடியே, திருகோணமலையில் ஒரு போனில் இருந்து, நீங்கள் சேரப் போகிற ஸ்கூலின் ஒவ்வொரு விமானத்தையும் இப்படிப் பார்க்கலாம். காசு செலவில்லை.

லொக்புக்குகளை மேசையில் விரித்து வைத்தார்கள். வருடாந்தப் பரிசோதனை 12 மாதத்துக்குள் நடந்ததா, காசுக்குப் பயிற்சி கொடுக்கிற விமானம் என்றபடியால் 100 மணித்தியாலப் பரிசோதனை நடந்ததா, உத்திரப் பரிசோதனையின் பதிவு எங்கே, விமானத்தை ஜாக்கியில் தூக்கிச் சில்லை மடக்கி விரித்துப் பார்த்தது எப்போது, புரொப்பெல்லரை எப்போது திறந்தார்கள் என்று எங்கள் தலைமை இன்ஸ்ட்ரக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். உத்திரப் பரிசோதனைப் பதிவில் கையொப்பமும் திகதியும் தெளிவாக இருந்தன. அந்தத் தாளைப் பார்த்தபோது வந்த நிம்மதி, அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி.

பறப்பைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், காசோடு சம்பந்தப்படாவிட்டாலும். ஒரு பின்னேரம் இறங்க வரும்போது சில்லு நெம்பை இறக்கினேன். வழக்கமான சத்தம் கேட்டது, மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது, ஆனால் மூன்று பச்சை விளக்கில் ஒன்றும் எரியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, மேலே போய்ச் சுற்றுவோம் என்றேன். இன்ஸ்ட்ரக்டர் சரி என்று தலையாட்டி, சுற்று உயரத்துக்குப் போன பிறகு பனல் விளக்கின் திருகியைக் காட்டினார். அதைத் திருப்பி அணைத்ததும் மூன்று பச்சையும் பளிச்சென்று வந்தது. அரோவில் இரவுக்கான பனல் விளக்கைப் போட்டால் சில்லு விளக்குகள் மங்கிவிடும், வெயிலில் பார்த்தால் எரியாத மாதிரியே இருக்கும். முந்திய பறப்பில் யாரோ போட்டு விட்டுப் போயிருக்கிறார்கள். எந்த விமானத்தை எடுத்தாலும் முதல் நாளே அந்த விமானத்தின் கைநூலில் சில்லுப் பகுதியை முழுதாக வாசியுங்கள். பம்ப் நின்றால் எப்படி இறக்குவது, எந்த வேகத்துக்குக் கீழே இறக்கலாம், எச்சரிக்கை ஹோர்ன் எப்போது கத்தும் என்பது அரோவுக்கு ஒரு விதம், செஸ்னாவுக்கு வேறு விதம். அரோவில் அழுத்தத்தை விட்டால் சில்லு தன் பாரத்தில் விழும், 172 ஆர்.ஜி.யில் சீட்டுகளுக்கு நடுவில் உள்ள பம்பைக் கையால் அடிக்க வேண்டும்.

2022 கடைசிப் பகுதியில் டெஸ்ட் பாஸ் பண்ணினேன். காத்திருந்த காலத்து வாடகை, சாப்பாடு, விசா நீட்டிப்பு, கைமறந்த பறப்பை மீட்க எடுத்த மேலதிக மணித்தியாலங்கள், கிளப் விமானத்தின் கூடுதல் செலவு எல்லாம் சேர்த்து வீணாகப் போனது ஏறத்தாழ 8,000 டொலர். அன்றைய ரூபாயில் 28 இலட்சத்துக்கு மேல். முந்திய வருடம் அதே டொலர் 16 இலட்சம். அம்மாவின் நகையில் பாதி இன்னும் வங்கியில் இருக்கிறது.

அமெரிக்க லைசென்ஸோடு திரும்பி வருகிறவர்களுக்கு இன்னொன்று. இங்கே மாற்றுவது கட்டுநாயக்கவில் இருக்கிற சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் கையில் இருக்கிறது. அவர்கள் உங்கள் லொக்புக்கை வரி வரியாகப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பறப்பிலும் விமானத்தின் வகை, பதிவு எண், இன்ஸ்ட்ரக்டரின் கையொப்பம், லைசென்ஸ் எண் எல்லாம் அன்றன்றே எழுதி வாங்கிவிடுங்கள். கொம்ப்ளெக்ஸ் விமானத்தைப் பொறுப்பேற்று ஓட்டலாம் என்று இன்ஸ்ட்ரக்டர் தருகிற ஒப்புதலையும் மறக்க வேண்டாம், அது 61.31 பிரிவின் கீழ் வருகிற தனிக் கையொப்பம். ஒரு இன்ஸ்ட்ரக்டர் எயார்லைனில் வேலை கிடைத்துப் போய்விட்டால் பிறகு கையொப்பத்துக்கு நாட்டுக்கு நாடு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். எந்த மாற்றத் தேவைகள் இன்று நடைமுறையில் இருக்கின்றன என்று போக முன்னே அதிகார சபையிடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். ஏஜென்ட் சொன்னான் என்பது அங்கே செல்லாது.

பிள்ளையை அனுப்பப் போகிற பெற்றோர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன், ஸ்கூலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கொமர்ஷியலின் அந்த 10 மணித்தியாலத்துக்குப் பாவிக்கிற விமானங்களின் பதிவு எண்களைக் கேளுங்கள். ஒன்றா இரண்டா, ஸ்கூலின் சொந்தமா குத்தகையா, அது 30 நாளுக்கு மேல் நின்றால் மாற்று விமானம் எது, அந்த மேலதிகச் செலவு யாருடையது, விலகினால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று கேளுங்கள். பதிலை அவர்களுடைய மின்னஞ்சலிலேயே வாங்குங்கள், போனில் சொன்னதை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதக் கஷ்டம் என்றால் என்னிடம் கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன். அனுப்பி இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் அடுத்த ஸ்கூலுக்கு எழுதுங்கள்.